திருடனும் பால்சோறும்: கொல்கத்தாப் பிள்ளைகளின் ஆட்டப் பெயர்கள்

ரவீந்திரநாத் தாகூரின் ‘சிசு’ கவிதைகள் 1903இல் வெளிவந்தன. அதற்கு முந்தைய ஆண்டின் நவம்பரில் அவர் மனைவி மிருணாளினி காலமாகியிருந்தார். நோயுற்ற மகள் ரேணுகாவை அழைத்துக்கொண்டு மலைக்காற்றுக்காக அல்மோராவில் தங்கியிருந்த மாதங்களில்தான் இக்கவிதைகளில் பெரும்பகுதியை அவர் எழுதினார். அவற்றுள் ஒன்றுக்கு ‘லுகோசுரி’ என்று தலைப்பு. வங்காளத்தில் அது ஒளிந்து விளையாடும் ஆட்டத்தின் பெயர். குறும்புக்காரப் பிள்ளை ஒன்று செண்பக மரத்தில் பூவாகப் பூத்துக்கொள்கிறது. தாய் கூப்பிடுகிறாள், பிள்ளை சத்தமில்லாமல் சிரிக்கிறது. தன்னை அடையாளம் தெரியாவிட்டால் அம்மா ஆட்டத்தில் தோற்றதாக அர்த்தம் என்கிறது. தாயைப் பறிகொடுத்த வீட்டில் பிறந்த கவிதை அது. ஒளிந்தவர் யார், தேடுகிறவர் யார் என்பது அதில் சின்ன விஷயம் அல்ல.

பத்தாண்டு கழித்து, 1913இல், தாகூரே இக்கவிதைகளில் பலவற்றை ஆங்கில உரைநடையாக்கி ‘தி கிரசென்ட் மூன்’ என்ற நூலாகக் கொடுத்தார். அங்கே இந்தக் கவிதையின் தலைப்பு ‘செண்பகப் பூ’ என்று மாறிவிட்டது. ஆட்டத்தின் பெயர் போயிற்று. தோல்வி, வெற்றி என்ற கணக்கும் கூடவே போயிற்று. மீந்தது, பூவாக மாறிய பிள்ளையின் கற்பனை மட்டும். 1915இல் மாட்ரிட் நகரில் செனோபியா கம்ப்ரூபி, பின்னாளில் (1956) நோபல் பரிசு பெற்ற கவிஞர் ஹுவான் ரமோன் ஹிமெனெஸின் துணையோடு, இந்த ஆங்கில நூலை ஸ்பானிய மொழியில் ‘லா லூனா நுயெவா’ என்று பெயர்த்தார். ஒளிந்து பிடிக்கும் ஆட்டத்துக்கு ஸ்பானிய மொழியில் ‘எஸ்கொந்தீத்தே’ என்று அருமையான பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைத் தேடிப் போக செனோபியாவுக்கு வழியே இல்லை. கொல்கத்தாவுக்கும் மாட்ரிடுக்கும் நடுவே ஆங்கிலத்தில் அது ஏற்கெனவே தொலைந்திருந்தது.

எழுதியவரே மொழிபெயர்த்தும் இப்படி ஆயிற்று என்பதுதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது. உணவின் பெயர், உறவுமுறைப் பெயர், மரத்தின் பெயர் ஆகியவற்றுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் அடிக்குறிப்பு போடுகிறார்கள், பின்னிணைப்பு தருகிறார்கள். குழந்தைகளின் ஆட்டப் பெயர் வந்தால் மட்டும், தன் மொழியில் அதற்குச் சமமான ஏதோ ஒரு ஆட்டம் இருக்கத்தானே செய்யும் என்று ஒரு பெயரை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சமமான ஆட்டம் பெரும்பாலும் இருக்கவே செய்கிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகிறது.

கண்ணைக் கட்டிக்கொண்டு பிறரைத் தேடும் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். உலகம் முழுக்க ஆடுகிறார்கள், ஏறக்குறைய ஒரே மாதிரி ஆடுகிறார்கள். ஆங்கிலத்தில் கண் கட்டப்பட்டவர் குருட்டு மனிதர். ஸ்பானிய மொழியில் குருட்டுக் கோழி. கோயா 1788–89இல் வரைந்து இன்று பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியத்தின் பெயரும் அதுவே. அதில் சீமான்களும் சீமாட்டிகளும் வட்டமாக நிற்க, நடுவில் கண் கட்டியவர் கையில் நீண்ட மரக்கரண்டி. ஜெர்மனியில் குருட்டுப் பசு, போர்ச்சுகலில் குருட்டு ஆடு, இத்தாலியில் குருட்டு ஈ. கொல்கத்தாவிலும் குருட்டு ஈதான்: ‘கானாமாச்சி’. ‘கானா’ என்றால் குருடு, ‘மாச்சி’ என்றால் ஈ. நம் கண்ணாமூச்சியோடு ஓசை ஒத்துப்போவதைக் கண்டு உறவு கொண்டாடிவிடக் கூடாது, சொற்கள் வேறு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த போலக்ஸ் என்ற கிரேக்க ஆசிரியர் குறித்துவைத்திருக்கும் ஆட்டத்துக்கு ‘வெண்கல ஈ’ என்று பெயர். அங்கே கண் கட்டிய பையன் ஈயைத் துரத்துகிறவன். மற்றவர்கள் அவனை அடித்துவிட்டு ஓடும் ஈக்கள். கொல்கத்தாவில் தலைகீழ். கண் கட்டியவரே ஈ. சுற்றி நிற்பவர்கள் ரீங்காரம் செய்துகொண்டே தொட்டுச் சீண்டுகிறார்கள்.

ஆட்டம் ஒன்று, பிராணிகள் பல. இதில் எந்தப் பிராணியை மொழிபெயர்ப்பில் வைப்பது? கதையில் ஆட்டம் பின்னணியில் வந்துபோனால் எதை வைத்தாலும் குற்றமில்லை. வாசகருக்குத் தெரிந்த பெயரே நல்லது. ஆனால் கதையின் பிள்ளை ‘ஈ’யாக இருப்பதில் பொருள் இருந்தால் அதைக் கோழியாக்குவது கதையையே மாற்றுவது. இதுவரை யாரும் மறுக்க மாட்டார்கள். இந்தப் பொதுவிதி எங்கே உதவாமல் போகிறது என்பதைப் பார்க்கக் கொல்கத்தாவின் வடபகுதிச் சந்துகளுக்குத்தான் போக வேண்டும்.

ஷியாம்பஜார், பாக்பஜார் பக்கத்துப் பழைய வீடுகளின் வாசலில் தெருவை ஒட்டி நம் திண்ணையைப் போலச் சிமெண்டுப் பலகை ஒன்று உயர்ந்திருக்கும். அதற்கு ‘ரோவாக்’ என்று பெயர், பேச்சில் ‘ரொக்’. பெரியவர்கள் அதில் உட்கார்ந்து அரட்டை அடிப்பதைப் பற்றி வங்காளிகள் நூல் நூலாக எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது ‘டாங்கா’, அதாவது கரை, மேட்டு நிலம். கீழே இருக்கும் தெரு ஆறு. ஆற்றில் ஒரு பிள்ளை ‘குமிர்’, முதலை. இதுதான் ‘குமிர் டாங்கா’ ஆட்டம். கரையில் இருப்பவர்கள் ஒரு காலை மட்டும் கீழே வைத்து, உன் தண்ணீரில் இறங்கிவிட்டேன் என்று முதலையைச் சீண்டுவார்கள். முதலை இந்தப் பக்கம் பாய்ந்தால் அந்தப் பக்கத்து ரோவாக்கில் இருப்பவர் தெருவைக் கடந்து எதிர்வீட்டுப் படிக்கு ஓடுவார். நடுவில் தொடப்பட்டவர் அடுத்த முதலை. இரண்டு ரோவாக்குகளுக்கும் நடுவே எட்டு அடிச் சந்துதான். ஆனாலும் அதைக் கடப்பதில் நிஜமான பயம் இருக்கிறது. கொல்கத்தாவுக்குத் தெற்கே சுந்தரவனக் காயல்களில் உப்புநீர் முதலை உண்மையாகவே ஆளை இழுத்துப் போகிறது. அந்த பயத்தின் நிழல் நகரத்துச் சந்து வரை நீண்டிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

தமிழ் வாசகர் இதைப் படித்த மாத்திரத்தில் ‘கல்லா மண்ணா’ என்று சொல்லிவிடுவார். சரிதான், மேடு, பள்ளம், ஓட்டம், தொடுதல் எல்லாம் அதே. ஆனால் கல்லா மண்ணாவில் பிடிக்க வேண்டியவரிடம் கேட்கிறோம். கல்லா மண்ணா, எது உனக்கு வேண்டும் என்று. அவர் ஒன்றைத் தேர்ந்த பிறகு மற்றது எங்களுடையது. நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டு அப்புறம் ஆடுகிறோம். குமிர் டாங்காவில் கேள்வி கிடையாது, பங்கு கிடையாது. தண்ணீர் எப்போதும் முதலையுடையது. ஒரு வங்காளச் சிறுகதையில் பிள்ளைகள் குமிர் டாங்கா ஆடும் இடத்தில் ‘கல்லா மண்ணா’ என்று எழுதினால் ஆட்டம் தமிழ்ப் பிள்ளைக்குப் புரிந்துவிடும், முதலை செத்துவிடும். ‘முதலைக் கரை’ என்று எழுதினால் முதலை பிழைக்கும். ஆனால் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் அந்தப் பெயரைச் சொல்லி ஆடியதில்லை என்பது அந்தச் சொல்லிலேயே தெரியும். நான் மொழிபெயர்த்தால் முதல் தடவை ‘குமிர் டாங்கா’ என்றே எழுதி, அடுத்த வாக்கியத்தில் யாராவது ஒருவரை முதலையாக்கித் தெருவில் இறக்கிவிடுவேன். அடிக்குறிப்பு வேண்டாம். ஆடிக் காட்டினால் பெயர் தானே புரியும்.

நொண்டி ஆட்டத்தில் இன்னொரு விதமான சிக்கல். கொல்கத்தாவில் அதற்கு ‘எக்கா தொக்கா’ என்று பெயர். முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று எண்ணிக்கொண்டு போவதால் வந்தது. இன்னொரு பெயர் ‘கித் கித்’. மூச்சு விடாமல் நொண்டும்போது வாயில் ஓடும் ஓசை அது. தமிழில் பாண்டி என்கிறோம், சில்லுக்கோடு என்கிறோம், நொண்டி என்கிறோம். ஒரு பெயர் எறியும் ஓட்டைச் சொல்கிறது, ஒரு பெயர் காலைச் சொல்கிறது. ஸ்பானிய மொழியில் ‘ரயுவேலா’; கோடு என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அர்ஜென்டினாவின் ஹூலியோ கொர்த்தாசார் 1963இல் இந்தப் பெயரிலேயே ஒரு பெரிய நாவல் எழுதினார். 1966இல் கிரெகரி ரபாசா அதை ஆங்கிலமாக்கியபோது ‘ஹாப்ஸ்காட்ச்’ என்று வைத்தார். அந்த ஆங்கிலச் சொல்லின் பின்பாதிக்கும் கீறிய கோடு என்றே பொருள் என்பதால் அது கச்சிதமாகப் பொருந்தியது. அந்த மொழிபெயர்ப்பு மறு ஆண்டு அமெரிக்க தேசியப் புத்தக விருதும் பெற்றது. ஆனால் நாவலின் கட்டங்களில் ஒரு முனையில் பூமி, மறுமுனையில் வானுலகம். கதை முழுக்க அந்தப் பயணத்தைப் பற்றியது. ‘பாண்டி’ என்று தமிழில் தலைப்பு வைத்தால் ஆட்டம் நூற்றுக்கு நூறு சரி. கட்டத்தின் உச்சியில் சொர்க்கம் இருப்பது தமிழ் வாசகருக்குத் தோன்றாது. இங்கே பெயரைத் திருத்திப் பயனில்லை. உள்ளே கட்டம் வரையப்படும் பக்கத்தில்தான் மொழிபெயர்ப்பாளர் கை நீள வேண்டும்.

ஸ்பானியப் பிள்ளைகள் ‘ஆங்கிலேய ஒளிந்து பிடித்தல்’ என்று ஒன்று ஆடுகிறார்கள். பெயரைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மோசம் போவோம். அதில் யாரும் ஒளிவதில்லை. ஒருவர் சுவரைப் பார்த்து நிற்க, மற்றவர்கள் பின்னாலிருந்து நகர்ந்து வருவார்கள். அவர் திரும்பும் நொடியில் அசைந்தால் அவுட். நம் ஊரிலும் கொல்கத்தாவிலும் ‘ஸ்டாச்சு’ என்று ஆடுவதற்கு நெருங்கிய உறவு. இங்கிலாந்தில் இதைப் பாட்டியின் காலடி என்பார்கள். அமெரிக்காவில் சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு. 2021இல் உலகமே பார்த்த ‘ஸ்க்விட் கேம்’ என்ற கொரியத் தொடரில் ராட்சதப் பொம்மை ஆடுவது இதைத்தான். கொரிய மொழியில் அந்த ஆட்டத்தின் பெயர் அவர்களுடைய தேசியப் பூவான செம்பருத்தி இனத்துப் பூ ஒன்று மலர்ந்தது என்பதாகும். ஆங்கில வசன வரியில் அது விளக்காகிவிட்டது. தாகூரின் கவிதையில் ஆட்டம் போய்ப் பூ மிஞ்சியது. இங்கே பூ போய் ஆட்டம் மிஞ்சியது.

பிறந்தநாள் விருந்துக்கு வருவோம். கொல்கத்தாவில் பிள்ளையின் பிறந்தநாள் காலையில் பாயசத்தோடு தொடங்கும். கேக், மெழுகுவத்தி, விளையாட்டு எல்லாம் மாலைக்கு. மாலை விருந்தில் மியூசிக்கல் சேர், பாசிங் தி பார்சல் ஆகியவை அதே ஆங்கிலப் பெயரோடு நடக்கும். இவை பெயரோடேயே வந்த ஆட்டங்கள்; அவற்றை மொழிபெயர்க்கும் தேவை எந்த அம்மாவுக்கும் ஏற்பட்டதில்லை. நடுவே ஒன்று மட்டும் இந்த மண்ணுக்கே உரியது: ‘கோய் பேக்’. ‘கோய்’ என்பது நெற்பொரி. பெரிய காகிதப் பையிலோ பலூனிலோ பொரி, மிட்டாய், அழிரப்பர், சிறு பிளாஸ்டிக் பொம்மை, மினுக்குக் காகிதத் துணுக்கு ஆகியவற்றை நிரப்பிக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். பிறந்தநாள் பிள்ளை அதை உடைக்கும். கொட்டுவதைப் பொறுக்கக் கீழே எல்லாப் பிள்ளைகளும் விழுந்து புரளும். இப்போது விருந்துப் பொருள் கடைகளில் இந்தியா முழுக்கவே ‘கோய் பேக்’ என்ற பெயரில் விற்கிறார்கள்; பலவற்றில் பொரியின் இடத்தைக் காகிதத் துணுக்கு பிடித்துக்கொண்டது.

பொரி வங்காளிக்கு வெறும் தின்பண்டம் அல்ல. கல்யாணத்தில் மணப்பெண் தீயில் சொரிவது பொரி. இறுதி ஊர்வலத்தில் வழி நெடுக இறைப்பதும் பொரி. தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொரியிடுதலும் நம் சடங்கு, சவ ஊர்வலத்தில் பொரி தூவுவதும் நம் வழக்கம். இறைக்கப்படும் பொருள் என்ற இந்தப் பழக்கம்தான் பிறந்தநாள் பைக்குள்ளும் புகுந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. மெக்சிகோவின் ‘பின்யாத்தா’வை ஒரு வங்காள மொழிபெயர்ப்பாளர் சந்திக்கும்போது திண்டாடுவார். பின்யாத்தா தொங்கும் பானை. சமையல் பானையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயர். கண் கட்டிய பிள்ளை கழியால் அடிக்க, வண்ணக் காகிதம் ஒட்டிய பானை உடைந்து மிட்டாய் கொட்டும். கொட்டுவதும் பொறுக்குவதும் கோய் பேக்கில் இருக்கிறது. கண்கட்டும் கழியும் இல்லை. கண்கட்டும் கழியும் ‘ஹாடி பாங்கா’ என்ற பானை உடைப்பில் இருக்கிறது. ஆனால் அந்தப் பானை தரையில் இருக்கும், காலியாக இருக்கும். தூரத்திலிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து வந்து ஒரே ஒரு அடி, பட்டால் பரிசு. தமிழருக்கு உறியடி உண்டு. தொங்கும் பானை, இழுபடும் கயிறு, ஏமாறும் கழி எல்லாம் பின்யாத்தாவோடு அச்சாகப் பொருந்தும். ஆனால் உறி கண்ணனுடையது, ஊர்ப் பொதுவில் இளைஞர்கள் நனைந்துகொண்டு அடிப்பது. ஐந்து வயதுப் பிறந்தநாள் பிள்ளையின் கையில் அது அடங்காது. ஆங்கிலம் இந்தத் தொல்லைக்கே போகாமல் பின்யாத்தா என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. அது சரியான முடிவு என்றே சொல்வேன். பொருளே புதிதாக வரும்போது பெயரும் கூட வரட்டும்.

ஹாடி பாங்கா நடக்கும் இடம் பிறந்தநாள் விருந்து அல்ல, ‘பாடா’ என்கிற குடியிருப்புப் பகுதியின் மன்றங்கள் குளிர்காலத்தில் நடத்தும் விளையாட்டு விழா. ஜனவரி 23 நேதாஜி பிறந்தநாள், 26 குடியரசு நாள். இவற்றை ஒட்டி ஒலிபெருக்கி கட்டி, சந்தின் நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டு நடக்கும். போட்டிப் பலகையில் வரும் பெயர்கள் மொழிபெயர்ப்பு பற்றிய நல்ல பாடம். சாக்கு ஓட்டம் வங்காளமாகிவிட்டது. மூன்று கால் ஓட்டமும் ஆகிவிட்டது. நம் ஊரில் லெமன் ஸ்பூன் என்று எலுமிச்சை உருளும் இடத்தில், அங்கே கரண்டியில் கோலிக்குண்டு. மியூசிக்கல் சேர் மட்டும் ஆங்கிலத்திலேயே நிற்கிறது. நம் பள்ளி அறிவிப்புகளில் வரும் ‘இசை நாற்காலி’ போன்ற ஒன்று அங்கே பேச்சில் வேர் பிடிக்கவில்லை. இவற்றில் மிக வேடிக்கையான வரலாறு மாறுவேடப் போட்டிக்கு. கொல்கத்தாவில் அதன் பெயர் ‘கோ ஆஸ் யூ லைக்’. சொற்கள் ஆங்கிலம்தான், ஆனால் லண்டனில் ஒருவரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் மாறுவேடம் நினைவுக்கு வராது. இதையும் வங்காளிகள் மொழிபெயர்த்தார்கள்: ‘ஜெமோன் குஷி ஷாஜோ’, இஷ்டப்படி வேஷம் கட்டு. மூலத்தில் இருப்பது போவது. மொழிபெயர்ப்பில்தான் வேஷம் வருகிறது. மொழிபெயர்ப்பு மூலத்தைவிடச் சரியாக அமைந்த அபூர்வமான இடம் இது. இரண்டு பெயரும் இன்று அக்கம்பக்கமாக வாழ்கின்றன.

இன்னொரு பெயர் ‘ஓப்பென்டி பயாஸ்கோப்’. இருவர் கைகோத்து வளைவாக நிற்க, மற்றவர்கள் வரிசையாக அதன் கீழே நுழைவார்கள். பாட்டு முடியும் இடத்தில் வளைவு இறங்கி ஒருவரைப் பிடித்துக்கொள்ளும். கொல்கத்தாவில் ஹீராலால் சென் ‘ராயல் பயாஸ்கோப்’ நிறுவனத்தைத் தொடங்கியது 1898இல். அந்தக் காலத்துப் புது அதிசயத்தின் பெயர் பிள்ளைகளின் வாயில் விழுந்து இப்படி உருண்டு திரண்டிருக்கிறது. அனிந்த்ய சட்டர்ஜி 2015இல் இந்தப் பெயரிலேயே திரைப்படம் எடுத்தார். இதை ஆங்கிலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோக முயன்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

பிள்ளைகளின் பாட்டையும் ஆட்டத்தையும் தொகுத்தவர்கள் கொல்கத்தாவில் இருந்தார்கள். தாகூர் 1894–95இல் தாலாட்டுகளையும் பிள்ளைப் பாட்டுகளையும் பற்றி எழுதினார்; வங்கீய சாகித்திய பரிஷத்தின் இதழில் அவற்றின் தொகுப்பை வெளியிட்டார். ஒரே பாட்டுக்குப் பல பாடங்கள் கிடைத்தால் எதையும் தள்ளக் கூடாது என்பது அவர் கொள்கை. லண்டனில் ஆலிஸ் கோம் பிரிட்டனின் மரபு விளையாட்டுகளை இரு தொகுதிகளாக வெளியிட்டது 1894இலும் 1898இலும். ஏறக்குறைய அதே ஆண்டுகள். 1899இல் ஜோகீந்திரநாத் சர்க்காரின் ‘குக்குமணிர் சடா’ வந்தது. 1920களில் பிரசிடென்சி கல்லூரியில் நிலவியல் பேராசிரியராக இருந்த ஹேமச்சந்திர தாஸ்குப்தா, உட்கார்ந்து ஆடும் கட்ட விளையாட்டுகளை வரைபடத்தோடு ஆசியக் கழகத்தின் இதழில் பதிவு செய்தார். பாறை அடுக்கை வரையும் அதே துல்லியத்தோடு தரையில் கீறிய கோடுகளை வரைந்த அவர், பெயர்களை வங்காளத்திலேயே விட்டார். பின்னால் 1952இல் உலகக் கட்ட விளையாட்டுகளின் வரலாற்றை எழுதிய எச்.ஜே.ஆர். மரே என்ற ஆங்கிலேயர் அவருடைய பதிவுகளை எடுத்தாள முடிந்ததற்கு அந்த நேர்மை ஒரு காரணம். ஆங்கிலத்தில் ‘பதினாறு சிப்பாய்கள்’ என்று இன்று வழங்கும் ஆட்டத்துக்கு வங்காளத்தில் உள்ள பெயர்களில் ஒன்று ‘மொகல் பட்டான்’. எண்ணிக்கை வந்துவிட்டது, மொகலாயரும் பட்டாணியரும் மோதிய நினைவு வரவில்லை.

தமிழில் இந்த வேலைக்கு நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ 1954இல் வெளிவந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவர் பெயர், ஆடுவார் தொகை, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை, ஆட்டுத் தோற்றம், பயன் என்று பகுத்து எழுதுகிறார். தோற்றம் பற்றிய அவர் ஊகங்கள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் ஆடிடமும் ஆடுமுறையும் தெரியாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? கிழக்கு வங்காளத்திலிருந்து 1947க்குப் பிறகு வந்த அகதிகள் கொல்கத்தாவின் தென்புறக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்த ‘தாரியாபாந்தா’ ஆட்டம், பாவாணர் விவரிக்கும் கிளித்தட்டின் உடன்பிறப்பு. யாழ்ப்பாணத்திலும் கிளித்தட்டு உண்டு. இந்த உறவைப் பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. கோடுகளைப் பார்த்தால் உடனே தெரியும்.

ஆட்டத்தின் பெயரைவிடக் கடினமானவை ஆட்டத்துக்குள் வழங்கும் சொற்கள். அகராதிக்காரர்கள் இவற்றைச் சீண்டுவதில்லை. தேடுகிற பிள்ளை கொல்கத்தாவில் ‘சோர்’, திருடன். ஒளிகிறவர்கள் அல்ல, தேடுகிறவரே திருடன்! லுகோசுரி என்ற பெயரிலேயே திருட்டு இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ஆளுக்குப் பெயரே இல்லை, ‘அது’ என்கிறார்கள். ஸ்பெயினில் ஆட்டம் யார் தலையில் நின்றதோ அவர். மெக்சிகோவில் தொட்டுப் பிடிக்கும் ஆட்டத்தையே ‘ரோஞா’ என்பார்கள், சொறி. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய். அர்ஜென்டினாவில் அது ‘மாஞ்சா’, கறை. திருடன், நோயாளி, கறைபட்டவர் என்று ஒவ்வோர் ஊரும் தன் பிள்ளையை ஒரு நிலையில் நிறுத்துகிறது. தேடிக்கொண்டிருக்கும் திருடனின் முதுகில் ஒளிந்திருந்தவர் வந்து அடித்து ‘தாப்பா’ என்று கத்தினால் அதே ஆள் மறுபடியும் திருடன். தயார் என்பதற்கு அங்கே ‘டுக்கி’. நம் பிள்ளைகள் ‘ஜூட்’ என்பதைப் போல. மூச்சு வாங்கினாலோ செருப்பு வார் அறுந்தாலோ ‘அப்புலிஷ்’ என்று கத்தினால் போதும், யாரும் தொட முடியாது. இங்கிலாந்துப் பிள்ளைகளின் இத்தகைய இடைநிறுத்தச் சொற்களை அயோனா, பீட்டர் ஓப்பி தம்பதியர் ஊர் ஊராகத் திரட்டி வரைபடமே போட்டார்கள். அப்புலிஷ் கொல்கத்தாவின் எந்தப் பகுதியில் எப்படி ஒலிக்கிறது என்று வரைபடம் போட வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் அதே கடன் நிலுவையில் நிற்கிறது. குடியிருப்பு அடுக்ககங்கள் ரோவாக்கை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. ஆடிடம் போனால் இச்சொற்கள் ஒரு தலைமுறையில் போகும்.

இவற்றில் எனக்கு மிகப் பிடித்த சொல் ‘தூத்பாத்’. பால்சோறு என்று பொருள். அண்ணன், அக்காக்களோடு ஆட வந்து அடம்பிடிக்கும் நான்கு வயதுப் பிள்ளையை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள்; ஓடலாம், ஒளியலாம், கத்தலாம், ஆனால் அவுட் கிடையாது, திருடன் ஆகவும் வேண்டாம். அப்படிப்பட்ட பிள்ளை தூத்பாத். ‘எலேபேலே’ என்றும் சொல்வார்கள். பெரியவர்கள் மீன்குழம்பு சாப்பிடும் பந்தியில் பாலும் சோறும் பிசைந்து தின்னும் வயசு என்பது முதல் சொல்லில் இருக்கும் அன்பு. இரண்டாவதில் கொஞ்சம் அலட்சியம் உண்டு, கணக்கில் வராத ஆள் என்று. எந்தச் சொல்லால் அழைக்கப்படுகிறோம் என்பது அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

தமிழில் இதற்கு நேரான வழக்கு ‘ஒப்புக்குச் சப்பாணி’. ஆட்ட விதி அணுவளவும் மாறாமல் பொருந்துகிறது. தேடிப் பிடித்தாலும் இதைவிடச் சமமான சொல் அமையாது. கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தெருவில் தூத்பாத்தாகவும் வீட்டில் ஒப்புக்குச் சப்பாணியாகவும் ஒரே மாலையில் இருக்க முடியும். ஆனாலும் வங்காளக் கதையைத் தமிழாக்கும்போது இந்தச் சொல்லை வைக்க என் கை வராது. சப்பாணி என்பது கால் நடக்க முடியாதவரைக் குறிக்கும் சொல்; ஒப்புக்கு என்பது போலிக்கு. வங்காளத்தில் அந்தக் குழந்தைக்குக் கிடைப்பது பால்சோறு. அண்ணன் தங்கையைத் தூத்பாத் என்று அழைக்கும் இடத்தில் ‘நீ பால்சோறு, உனக்கு அவுட் இல்லை’ என்று எழுதுவேன். முதல் தடவை வாசகர் ஒரு நொடி நிற்பார். அடுத்த வரியில் அவள் கண்ணெதிரே பிடிபட்டும் அவுட் ஆகாமல் ஓடுவாள், அதற்குள் புரிந்துவிடும். எலேபேலே என்று வரும் இடத்துக்கு ஒப்புக்குச் சப்பாணியை எடுத்துக்கொள்வேன்.